சோயா வேருக்கு முயல் சொன்ன சாட்சி

ஆடி, ஆவணி மாதங்களில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வருபவர்கள் போபால் தாண்டியதும் ஜன்னல் வழியே ஒரு பயிரைப் பார்த்திருப்பார்கள். முழங்கால் உயரம், உளுந்துச் செடி போன்ற முக்கூட்டு இலை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே பச்சை. அதுதான் சோயா மொச்சை. ஊரில் 'மீல் மேக்கர்' என்று கேட்டு வாங்கிப் பழகிய நம் வீட்டுப் பெண்கள் இங்கே கடைக்காரரிடம் அப்படிக் கேட்டு, அவர் விழிக்க, பிறகு 'சோயா படி' என்று சொல்லக் கற்றுக்கொண்ட கதை பல குடும்பங்களில் உண்டு. பிரியாணியில் கறிக்குப் பதிலாகப் போடுகிறோமே, அந்த உருண்டையின் தாய்ச்செடி.

அந்தச் செடியின் வேரில் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றியும், அதை வேவு பார்க்க மனிதன் கண்டுபிடித்த வழியைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். நோய் எதிர்ப்பியல் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது அம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து, ரத்தப் பரிசோதனை. செடிக்கு ரத்தமும் இல்லை, நம் உடம்பில் உள்ளது போன்ற எதிர்ப்புரதமும் இல்லை. அப்படியிருக்க ஒரு செடியின் நோயெதிர்ப்பை அறிய நோய் எதிர்ப்பியல் எப்படி உதவியது? அதில்தான் கதையே இருக்கிறது.

இந்தியானாவில் தொடங்கிய தொல்லை

சோயா சீனத்துப் பயிர். அமெரிக்காவில் 1765லேயே ஜார்ஜியாவில் ஒருவர் அதைப் பயிரிட்டார் என்றாலும், அங்கே அது பெரும் பயிரானது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வர, மத்திய மேற்கு மாநிலங்களில் ஏக்கர் ஏக்கராக சோயா பரவியது. ஒரே பயிரை ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்பது நம் கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். 1948இல் இந்தியானா மாநிலத்திலும், 1951இல் ஒஹையோ மாநிலத்திலும் ஒரு புது நோய் கண்ணில் பட்டது. தண்ணீர் தேங்கும் களிமண் நிலங்களில் நாற்றுகள் அப்படியே சரிந்தன. வளர்ந்த செடிகளில் வேர் அழுகி, தண்டு அடியிலிருந்து மேல்நோக்கிச் சாக்லேட் நிறத்தில் கறுத்தது. இலைகள் வாடியும் உதிராமல் தொங்கின.

காரணத்தைத் தேடிப் பிடித்து, 1958இல் காஃப்மன், கெர்டமன் என்ற இருவர் அந்த உயிரிக்கு ஃபைட்டோஃப்தோரா சோஜே என்று பெயர் வைத்தார்கள். ஃபைட்டோஃப்தோரா என்றால் கிரேக்கத்தில் 'செடியை அழிப்பது'. ஜெர்மானிய அறிஞர் டி பாரி 1876இல் வைத்த பெயர் அது. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கை அழுகவைத்து, பத்து லட்சம் பேரைப் பட்டினியில் சாகடித்த பஞ்சத்துக்குக் காரணமான உயிரியும் இதே குடும்பம்தான்.

சோயாவைத் தாக்கியதன் பெயர் மட்டும் நிலைக்கவில்லை. 1980இல் அதை அதே பேரினத்தின் வேறொரு சிற்றினத்தின் கிளையாகச் சேர்த்து, வாயில் நுழையாத நீண்ட பெயரொன்று வைத்தார்கள். 1991இல் பழைய பெயரே சரி என்று திரும்பினார்கள். பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டுபவர்கள் இரண்டும் ஒரே ஆசாமி என்று தெரியாமல் திண்டாடுவதுண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உண்மையான பூஞ்சையே அல்ல. நூல் நூலாக வளர்வதால் பூஞ்சை போலத் தெரியும். உறவுமுறையில் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருக்கம். ஆனாலும் அந்தக் கால ஆராய்ச்சியாளர்கள் பூஞ்சை என்றே எழுதினார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதன் பிழைப்பு முறை வியப்பானது. மண்ணில் தடித்த ஓடு போர்த்திக்கொண்டு பல வருடம் தூங்கும். மழை பெய்து மண் நனைந்தால் விழித்து, இரண்டு வால் கொண்ட நுண்வித்துகளை வெளியே விடும். அவை மண்ணின் ஈரத்தில் நீந்தி வேரைத் தேடிப் போகும். வழி எப்படித் தெரியும்? சோயா வேர் கசியும் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் என்ற இரண்டு பொருள்களின் வாடையைப் பிடித்துத்தான் வருகின்றன என்று 1992இல் நிறுவினார்கள். இந்த டெய்ட்சீனை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செடி தன்னைக் காப்பது எப்படி?

நோய் வந்தவுடன் சில சோயா ரகங்கள் மட்டும் அசையாமல் நிற்பதை விவசாயிகள் கண்டார்கள். 1957இலேயே, அந்த எதிர்ப்பு ஒரே ஒரு மரபணுவால் வருகிறது என்று தெரிந்துவிட்டது. உடனே அந்த மரபணுவை நல்ல ரகங்களில் ஏற்றினார்கள். பூஞ்சை சும்மா இருக்குமா? அந்த மரபணுவை ஏமாற்றும் புதிய இனங்கள் தோன்றின. இன்னொரு மரபணுவைக் கொண்டுவந்தார்கள். அதையும் ஏமாற்றியது. இப்படியே 50க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாயின. ஒரு மரபணு 8 முதல் 15 வருடம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது அங்கே பொதுவான கணக்கு. வீட்டுப் பூட்டை மாற்ற மாற்றத் திருடனும் புதுச் சாவி செய்துகொண்டே வந்தான்.

ஆனால் மரபணு 'இருக்கிறது' என்று சொன்னால் போதாதே. அது என்ன செய்கிறது? பூஞ்சையை எது நிறுத்துகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முன்னோடி ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஓட்டோ முல்லர். பெர்லினில் உள்ள டாலெமில், உருளைக்கிழங்கை வைத்து அவரும் போர்கரும் செய்த சோதனை 1940இல் வெளியானது. கிழங்கை வெட்டி, அந்தக் கிழங்கில் நோய் உண்டாக்க முடியாத ஒரு பூஞ்சை இனத்தை முதலில் தடவினார்கள். பிறகு அதே இடத்தில், நோய் உண்டாக்க வல்ல இனத்தைத் தடவினார்கள். அதனால் வளர முடியவில்லை. முதல் தாக்குதலின்போது கிழங்கு எதையோ சுரந்து வைத்திருக்கிறது, அதுதான் இரண்டாம் எதிரியையும் தடுக்கிறது என்றார் முல்லர். அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் ஃபைட்டோஅலெக்சின். செடியின் காப்புப் பொருள் என்று பொருள். 'அலெக்சின்' என்பது, ரத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஒரு பொருளுக்கு முந்தைய தலைமுறை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் வைத்திருந்த பெயர். அதாவது பெயரளவில் அப்போதே செடி, நோய் எதிர்ப்பியலின் வாசற்படியில் வந்து நின்றுவிட்டது.

முல்லர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துக் காட்டவில்லை. 20 வருடம் கழித்து, 1960இல், ஆஸ்திரேலியாவில் குரூக்‌ஷாங்க், பெரின் இருவரும் பட்டாணியிலிருந்து முதல் ஃபைட்டோஅலெக்சினைப் பிரித்தெடுத்தார்கள். சோயாவில் இருப்பதைப் பிரித்தெடுத்தபோது முதலில் அதன் அமைப்பைத் தவறாகக் கணித்துவிட்டார்கள். 1970களின் நடுவில் திருத்தி, அதற்குக் கிளிசியோலின் என்று பெயரிட்டார்கள். சோயாவின் தாவரப் பெயரான கிளைசின் என்பதிலிருந்து வந்த பெயர். செடி இதை எதிலிருந்து தயாரிக்கிறது தெரியுமா? டெய்ட்சீனிலிருந்து! எந்த வாடை எதிரியை வீட்டுக்கு அழைத்து வந்ததோ, அதே சரக்கில்தான் எதிரிக்கான விஷமும் காய்ச்சப்படுகிறது.

அடுத்த கேள்வி, எதிரி வந்தது செடிக்கு எப்படித் தெரிகிறது என்பது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆல்பர்ஷைம் குழுவினர் பூஞ்சையின் செல்சுவரைக் கொதிக்கவைத்துப் பிரித்து, அதிலுள்ள சர்க்கரைச் சங்கிலித் துண்டுகள் சோயாவைத் தூண்டி கிளிசியோலினைச் சுரக்கவைப்பதை 1976இல் காட்டினார்கள். 1984இல், ஏழு குளுக்கோஸ் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட வடிவம்தான் அந்தத் தூண்டி என்று துல்லியமாக நிறுவினார்கள். சரி, எதிரி வந்ததற்கு அடையாளம் கிடைத்தாயிற்று. விஷமும் கிடைத்தாயிற்று. வழக்கு முடிந்ததா?

இல்லை. 1972இல் ஹங்கேரியைச் சேர்ந்த கிராலியும் அவருடன் இருந்தவர்களும் நேச்சர் இதழில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். நோய் தாக்கிய இடத்தில் செடியின் செல்கள் சட்டென்று இறப்பதை எல்லோரும் எதிர்ப்பின் காரணம் என்கிறீர்களே, அது காரணமா, விளைவா? பூஞ்சை வேறு எதனாலோ முதலில் நின்றுபோய், அதன் பிறகு இதெல்லாம் நடக்கக் கூடாதா? இந்தச் சந்தேகம் ஃபைட்டோஅலெக்சினையும் விடவில்லை. திருடன் செத்துக் கிடக்கும் வீட்டில் கையில் தடியோடு ஒருவர் நின்றால், அடித்தவர் அவர்தான் என்று முடிவு கட்டலாமா? திருடன் மாரடைப்பில் போன பிறகு தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவராகவும் இருக்கலாம் அல்லவா?

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் வரலாற்றிலேயே உருப்படியான கேள்வி இதுதான். ஏனென்றால் விஷம்தான் காரணம் என்றால் விஷத்தைச் சீக்கிரம் சுரக்கும் ரகங்களைத் தேடலாம். அது வெறும் விளைவு என்றால் அத்தனை உழைப்பும் வீண்.

இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், பூஞ்சை நூலின் நுனி இருக்கும் அதே இடத்தில், அது நின்றுபோகும் முன்பே, அதை நிறுத்தும் அளவு விஷம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? அதுவரை இருந்த முறையில் கைநிறைய வேரை அரைத்து, கரைப்பானில் வடித்து அளந்தார்கள். தெருவில் ஒரு வீட்டில் மட்டும் தீப்பிடித்திருக்க, ஊர் முழுவதின் சராசரி வெப்பத்தைச் சொன்னால் என்ன பயன்?

முயல் வந்த கதை

இங்கே கொஞ்சம் நியூயார்க் பக்கம் போய்வர வேண்டும். பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோ என்ற இயற்பியல் அறிஞரும், சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் இணைந்து வேலை பார்த்தார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இன்சுலினுக்கு எதிர்ப்புரதம் உண்டாகிறது என்று கண்டார்கள். அத்தனை சிறிய புரதத்துக்கு எதிர்ப்புரதமா, நடக்காது என்று சொல்லி அவர்கள் கட்டுரையை 1955இல் திருப்பி அனுப்பினார்கள். அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, நோபல் பரிசுச் சொற்பொழிவில் உலகத்துக்கே காட்டினார் யாலோ! பரிசு கிடைத்தது 1977இல். பெர்சன் 1972லேயே காலமாகிவிட்டதால் அவருக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

அவர்கள் உருவாக்கிய முறைதான் கதிரியக்க எதிர்ப்புரத அளவீடு. விஷயம் எளிமையானது. பேருந்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் இருக்கைகள் உண்டு. அந்த இருக்கைகள் எதிர்ப்புரதம். கதிரியக்க அடையாளம் இட்ட பயணிகளை எண்ணி ஏற்றுகிறோம். கூடவே, எத்தனை பேர் என்று தெரியாத ஒரு கூட்டத்தையும் ஏற்றுகிறோம். அடையாளம் இட்டவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லையோ, அதை வைத்து அந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுவிடலாம். கிராமில் கோடியில் ஒரு பங்கை விடவும் மிகக் குறைந்த அளவைக்கூட இப்படிப் பிடிக்க முடிந்தது. இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எடுத்துக்கொண்டவர்களில் செடி ஆராய்ச்சிக்காரர்களும் இருந்தார்கள்.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கிரீசபாக் தலைமையில் ஒரு குழு சோயாவின் கிளிசியோலினை ஆராய்ந்துகொண்டிருந்தது. கொலராடோவில் ஆல்பர்ஷைமிடம் பயின்ற மைக்கேல் ஹானும் அங்கே வந்து சேர்ந்தார். கிளிசியோலினுக்கு எதிர்ப்புரதம் கிடைத்தால் யாலோவின் முறையை வேருக்குள் கொண்டுபோகலாம். ஆனால் இன்சுலினைவிடப் பெரிய சிக்கல் இங்கே. இன்சுலின் சிறிய புரதம் என்றாலும் அதன் மூலக்கூறு எடை 5,800ஐ ஒட்டியது. கிளிசியோலினின் எடை வெறும் 338. இத்தனை பொடியான பொருளை ஊசியில் ஏற்றினால் எந்த விலங்கின் உடலும் அதைச் சட்டை செய்யாது.

இதற்கும் பழைய வைத்தியம் ஒன்று இருந்தது. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், சிறிய பொருளைப் பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்பினால் உடல் அந்தச் சிறிய பொருளையும் அடையாளம் கண்டு எதிர்ப்புரதம் செய்யும் என்று முன்பே காட்டியிருந்தார். அதே வழியில் மோயஸ்டா, ஹான், கிரீசபாக் மூவரும் கிளிசியோலினை மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு பிணைத்து முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயலின் ரத்தத்தில் கிளிசியோலினைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் வந்தது. 1983இல் அளவீட்டு முறை வெளியானது. தன் வாழ்நாளில் சோயா வேர் நோயைப் பார்த்திராத ஒரு முயல், சோயா வழக்கில் சாட்சியானது இப்படித்தான்.

அடுத்த கட்டம் 1985. ஹான், போன்ஹாஃப், கிரீசபாக் மூவரும் ஹாரோசாய் 63 என்ற சோயா ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்த ரகம் பூஞ்சையின் 1ஆம் இனத்தைத் தடுத்து நிறுத்தும். 3ஆம் இனத்திடம் தோற்றுப்போகும். செடி ஒன்றே, எதிரி மட்டும் வேறு. சோதனைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. நீந்தும் நுண்வித்துகளை நாற்றின் வேரில் விட்டு, மணிக்கணக்குப் பார்த்து வேரை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமனில் சீவினார்கள். வாழைக்காய் சிப்ஸ் சீவுவது போலத்தான், என்ன, இங்கே சீவல் கண்ணுக்கே தெரியாது. ஒரு சீவலில் முயலின் எதிர்ப்புரதத்தைக் கொண்டு கிளிசியோலினை அளந்தார்கள். அதற்கு அடுத்த சீவலில், பூஞ்சைக்கு எதிரான இன்னொரு எதிர்ப்புரதத்தை ஒளிரும் சாயத்தின் துணையோடு பயன்படுத்தி, பூஞ்சை நூல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். விஷத்துக்கு ஒரு சாட்சி, எதிரிக்கு ஒரு சாட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

என்ன தெரிந்தது? தொற்று ஏற்பட்ட 2 மணி நேரத்திலேயே, வெல்லும் வேரில் கிளிசியோலின் தலைகாட்டி, அதன் பிறகு வேகமாக ஏறியது. தோற்கும் வேரில் பல மணி நேரம் வரை சிறிதளவே தென்பட்டது.  1ஆம் இனம் தாக்கிய வேரில், 8 மணி வாக்கில், வெளிப்பக்கத்துச் செல் அடுக்குகளில், பூஞ்சை இருக்கும் அதே இடத்தில், பூஞ்சையை நிறுத்தப் போதுமான அளவுக்கு மேலேயே விஷம் குவிந்திருந்தது. பூஞ்சை அங்கேயே முடங்கியது. 3ஆம் இனம் தாக்கிய வேரிலோ விஷம் பின்னால் சுரந்துகொண்டிருக்க, நூலின் நுனி அதைத் தாண்டி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னணியில் விஷம் மிகக் குறைவு.

அதாவது தடியோடு நின்றவர் பிறகு ஓடிவந்தவரல்ல. திருடன் விழுந்தபோதே அவர் அங்கே இருந்தார். தோற்ற செடியிடமும் ஆயுதம் இருந்தது, நேரத்துக்கு இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் தெளிவானது.

ஆனால் இந்தச் சோதனை வழக்கை முழுவதும் முடித்துவிட்டது என்று எழுதினால் அது மிகை. சம்பவ இடத்தில் இருந்தார் என்பது வலுவான சாட்சியம்தான், அடித்தார் என்பதற்கு நேரடி நிரூபணம் அல்ல. அதற்கு அவர் கையிலிருந்து தடியைப் பிடுங்கிவிட்டு, திருடன் தப்புகிறானா என்று பார்க்க வேண்டும். அந்த வசதி மரபணுவை அடக்கும் தொழில்நுட்பம் வந்த பிறகே கிடைத்தது. 2005இல் ஒஹையோவில் உள்ளவர்களும் சேர்ந்த ஒரு குழு, டெய்ட்சீன் வகைப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுவைச் சோயா வேரில் அடக்கிப் பார்த்தது. பூஞ்சை அந்த வேரில் கூடுதலாகப் பரவியது. இதற்கிடையே 1997இல் ஜப்பானியக் குழு ஒன்று, பூஞ்சையின் சர்க்கரைத் துண்டை வந்து பற்றிக்கொள்ளும் சோயாப் புரதத்தையும் கண்டுபிடித்திருந்தது. 2006இல் பூஞ்சையின் மரபணுத் தொகுதியும், 2010இல் சோயாவின் மரபணுத் தொகுதியும் வெளியாயின. இன்று ஒரு நாளில் செய்யும் அளவீடுகளைப் பார்க்கும்போது, முயலுக்கு ஊசி போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களின் பொறுமை பெரிதாகத்தான் தோன்றுகிறது.

நம் பக்கத்து நிலம்

இந்தியாவுக்குச் சோயா முற்றிலும் புதிது அல்ல. குமாவூன் மலைகளில் 'பட்' என்ற கருப்புச் சோயாவைத் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிறார்கள். மத்திய இந்தியாவிலும் கருப்பு விதை ரகம் பழக்கத்தில் இருந்தது. மஞ்சள் சோயா பெரிய அளவில் வந்தது 1960களில், பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்தபோது. 1967இல் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1987இல் இந்தூரில் சோயாவுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் அமைந்தது. இப்போது ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் விளைகிறது. பெரும்பகுதி மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும்.

மால்வா விவசாயிக்கு ஃபைட்டோஃப்தோராவைவிட வேறு இரண்டு வேர் நோய்கள்தான் அதிகத் தலைவலி. ஒன்று கழுத்தழுகல். இன்னொன்று கரி அழுகல். மழை பொய்த்து வெயில் ஏறினால் கரி அழுகல் வரும். காய்ந்த தண்டின் அடியைப் பிளந்து பார்த்தால் கரித்தூளைத் தூவியது போலப் பொடிப் பொடியாய்க் கறுப்பு இருக்கும். நம் ஊரில் உளுந்து, எள், நிலக்கடலையின் வேரை அழுக்கும் மேக்ரோஃபோமினா என்ற அதே பூஞ்சைதான். மண்வழி வேர் நோய்களில் செடிக்குள் என்ன ரசாயனம் நடக்கிறது என்ற ஆராய்ச்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி.எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் பருத்தி வாடல் நோயையும், அதை உண்டாக்கும் பூஞ்சை செடிக்குள் சுரக்கும் ஃபியூசேரிக் அமிலத்தையும் ஆராய்ந்து 1950களிலேயே உலகப் பெயர் பெற்றார்கள். அங்கே பூஞ்சை செடிக்கு வைத்த விஷத்தைத் தேடினார்கள். ஃபிரைபர்க்கில் செடி பூஞ்சைக்கு வைத்த விஷத்தைத் தேடினார்கள்.

கரி அழுகலுக்கு, ஹாரோசாய் ரகத்தில் இருப்பது போல ஒரே மரபணுவால் வரும் முழு எதிர்ப்பு சோயாவில் கிடைக்கவில்லை. இருப்பவை ஓரளவு தாங்கும் ரகங்கள்தான். அவற்றைத் தேர்ந்தெடுக்க, வேண்டுமென்றே நோய்ப் பூஞ்சையைப் பெருக்கிவைத்த நிலத்தில் விதைத்து, எது எத்தனை நாள் நிற்கிறது என்று வரிசை வரிசையாக எண்ணிப் பார்க்கிறார்கள்.